கத்தரியின் வேர்முடிச்சுகள்

இக்கதையை 1986 பங்குனியில், ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் கொண்டுவந்த மாராக்காள் சொல்லக் கேட்டேன்.

ஒரு தோட்டத்துக் கத்தரிச்செடிக்கு, வரப்புக்கு அப்பால் நின்ற நிலக்கடலையின் மேல் நெடுநாள் ஏக்கம். மண்ணுக்கே உரம் சேர்க்கும் முடிச்சுகள் கடலையின் வேரில் இருக்கின்றன என்று தோட்டமே புகழ்ந்தது. ஒருநாள் தன் வேரிலும் முடிச்சுகள் திரண்டிருக்கக் கண்டு கத்தரி பூரித்துப்போயிற்று.

"அம்மணிக்கும் யோகம் வந்துவிட்டது" என்றது, முடிச்சுக்குள் குடியிருந்த நூற்புழு.

பக்கத்தில் நின்ற செண்டுமல்லி பொறுக்கமாட்டாமல் வாய் திறந்தது. "அக்கா, கடலையின் முடிச்சு அதற்குச் சோறு போடுகிறது. உன் முடிச்சு உன் சோற்றைத் தின்கிறது. உச்சிவெயிலில் உன் இலை துவள்வதைப் பார்க்கவில்லையா?"

"உனக்கு ஒரு முடிச்சுகூட இல்லையே, அந்த வயிற்றெரிச்சல்" என்றது கத்தரி.

இலைகள் மஞ்சளித்துப் பிஞ்சுகள் உதிரத் தொடங்கியதும் தோட்டக்காரி வந்தாள். செண்டுமல்லியை வேரோடு பிடுங்கி, இடித்து, ஊறவைத்து வடித்த சாற்றைக் கத்தரியின் தூரில் மூன்று முறை ஊற்றினாள். நூற்புழு மடிந்தது. புதுவேர்கள் தடையின்றி ஓடின. கத்தரி காய்த்துக் குலுங்கியது.

"எல்லாம் சரி, புதுவேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. செத்தும் அவள் பொறாமை தீரவில்லை, பார்" என்று அது கடலையிடம் குறைப்பட்டுக்கொண்டது.

வேறு சிலர் முடிவை மாற்றிச் சொல்வர். அவர்கள் கதையில் கத்தரி, தூரில் இறங்கிய சாற்றின் வாசனையை அறிந்து, "அவள் எங்கே?" என்று கேட்கிறது. கடலை, செண்டுமல்லி நின்ற குழியைப் பார்க்கிறது.