எட்டு நாற்காலி

காலாப்பட்டு மண்டப வாசலில், வாசித்துக்கொண்டிருந்த டிரம்பெட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார் மத்தியோ. மாப்பிள்ளையின் தாய்மாமன்; பாரிஸிலிருந்து சற்றுமுன்தான் வந்து சேர்ந்தவர்.

"பேண்டு செட்டு வாசலோட சரி. உள்ள ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும்."

சிவப்புக் கோட்டும் தொப்பியுமாக நின்ற டிரம்பெட்காரப் பெண் நகரவில்லை. "உள்ளதான் வாசிப்போம் சார். மேடையில எட்டு நாற்காலி போடச் சொல்லுங்க."

"பேண்டுக்காரங்க என்னைக்கும்மா உக்காந்து வாசிச்சாங்க?"

"யாரும் நாற்காலி போடல, உக்காரல. பத்து வருசமா வெயில்ல நின்னே வாசிச்சிட்டோம். இன்னைக்கு உக்காந்து வாசிக்காமப் போறதில்ல."

"பொண்ணு வீட்டுக்காரங்க காதுல விழுந்தா எங்க மானம் போயிடும்."

"விழட்டும் சார்."

மாப்பிள்ளையின் அம்மா மரி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அண்ணே, ரிசப்ஷனுக்கு எல்லாரும் வந்தாச்சு. பொண்ண ரூம்ல காணோம்."

டிரம்பெட்காரி தொப்பியைக் கழற்றினாள். தலை நிறைய மணப்பெண்ணின் மல்லிகை.

"இங்கதான் இருக்கேன் அத்தை," என்றவள் மத்தியோ பக்கம் திரும்பினாள். "ஒன்பதா போடச் சொல்லுங்க மாமா. உங்க மருமகனும் பக்கத்துல உக்காரணுமில்ல."