தீனி டப்பாவில் அந்துப்பூச்சி

மூடியைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதியது.

ஒன்றல்ல. ஒரு கூட்டம். சாம்பல் நிற அந்துப்பூச்சிகள்.

அவள் டப்பாவுக்குள் பார்த்தாள். தீனி நூல் பிடித்துக் கட்டி கட்டியாகக் கிடந்தது. இடுக்கெல்லாம் வெள்ளைப் புழு.



ஆபரேஷன் முடிந்து, அம்மா வீட்டில் ஒரு மாதம் கிடந்துவிட்டு, இன்றுதான் திரும்பியிருக்கிறாள். இத்தனை நாளும் அவளுடைய கினிப்பன்றி உருண்டை இதையா தின்றது?

இல்லை, தின்னவே இல்லையா?

வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக் கூண்டுக்குப் போனாள்.

உருண்டை இருந்தது. இன்னும் பெருத்து, ரோமம் மினுங்க, வைக்கோல்மேல் சாய்ந்திருந்தது.

வாசலில் பை சரசரத்தது.

உருண்டை எழுந்து நின்று விசிலடித்தது. அவளைப் பார்த்து ஒரு நாளும் அடிக்காத விசில்.

அவள் கணவன் சென்னியப்பன் உள்ளே வந்தான். பையில் மல்லித்தழை, கேரட், வெள்ளரி. அவனுக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை. கிணற்றில் இறங்கிப் பாம்பு பிடிப்பவன்.

அவள் டப்பாவை நீட்டினாள்.

அவன் பின்னால் நகர்ந்தான். "அதக் கீழ வை, புள்ள."

"எப்பங்க பூச்சி புடிச்சுது?"

"நீ போன மறுநாளே."

"கொட்டியிருக்கலாமில்லைங்க?"

"எப்படிக் கொட்டறது?" குரல் இறங்கியது. "நெளியுது. அன்னைலருந்து தெனமும் சந்தைக்குத்தான் ஓடறேன்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையல் சுண்டியது. வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

அவனுக்கு ரோஷம். "குடு இங்க" என்று டப்பாவைப் பிடுங்கினான். முகத்தைத் திருப்பி, கையை முழு நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நடந்தான்.

ஒரு பூச்சி பறந்து அவன் மீசையில் உட்கார்ந்தது.

டப்பா விழுந்தது. கூடமெங்கும் தீனி. தீனியெங்கும் புழு.

அவள் நிமிர்ந்து பார்த்தபோது அவன் நாற்காலிமேல் நின்றிருந்தான். செருப்போடு.

"போயிருச்சா?"

"மேல ஏறுதுங்க" என்றாள். எதுவும் ஏறவில்லை.

டாக்டர் சொன்ன ஓய்வு இன்னும் முடியவில்லை. காலையிலிருந்து ஒரு தம்ளரைக்கூட அவளைத் தூக்க விடவில்லை அவன். உட்காரு, படு, அசையாதே.

அவள் கதவுக்குப் பின்னாலிருந்து நீளக் கைப்பிடித் துடைப்பத்தை எடுத்தாள்.

அவன் பார்த்துவிட்டான். வாயைத் திறந்தான்.

தரையைப் பார்த்தான்.

மூடிக்கொண்டான்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூலையிலிருந்து, நிதானமாக, தன் வீட்டைப் பெருக்கத் தொடங்கினாள்.