கனடாப் போத்தல்

காலை எட்டு மணி அலாரம் அலறியது. அருளம்பலம் கனடாவிலிருந்து மகள் அனுப்பிய மருந்துப் போத்தலைத் திறந்து, இதயத் துடிப்பைச் சீராக்கும் குளிசை ஒன்றை விழுங்கினார்.

"கிளினிக் குளிசை போட்டால் எனக்குத் தலை சுத்தும். மகள் அனுப்பின இதாலை, தை மாசத்திலையிருந்து ஒரு படபடப்பும் இல்லை. நான் அரியாலையிலை கிடக்க, என்ரை நெஞ்சு மட்டும் கனடாவுக்குப் போட்டுது!" என்று சிரித்தார்.

கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வரதலிங்கம், தன் நெஞ்சுக்குத் தந்த கிளினிக் குளிசைப் பையைக் குப்பை வாளிக்கு மேலே பிடித்தார்.

"அப்ப உதுகளை எறியிறன், அண்ணை. எனக்கும் அனுப்பச் சொல்லி மகளிட்டைக் கேளுங்கோ."

அடுப்படியிலிருந்து அருளம்பலத்தின் மனைவி தவமலர் ஓடிவந்து பையைப் பறித்தாள்.

"எறியாதை தம்பி! கனடாக் குளிசை மார்கழியோடை முடிஞ்சுது. இவரின்ரை கிளினிக் குளிசையைத்தான் நான் அந்தப் போத்தலுக்குள்ளை போட்டு வைக்கிறன்!"