முதலாளிக்குக் கட்டியம்

வாசலில் நின்ற ஃபேக்டரி ஆபீசர் வெங்கட்ரமணன் வீட்டுக்குள்ளே எட்டிப் பார்க்காமல் போனால் போதும் என்று மீனம்மாள் நினைத்துக்கொண்டாள்.

“நேத்து மண்ணூர்க் கூத்துல உன் புருஷன் கட்டியக்காரனா பின்னிட்டாரும்மா. ஃபேக்டரி விழாவுல முதலாளி வரும்போது அவர்தான் கட்டியம் சொல்லணும். உன் வேலையை பர்மனென்ட் பண்ணிடறேன்.”

“இன்னா சொல்லணும் சார்?”

“ராஜா வர்றார்னு புகழணும். கட்டியக்காரன்னு பேரே அதனால வந்ததுதானே? கிண்டல் மட்டும் வேணாம்.”

“புகழ்ந்துகினே ராஜாவ வாரணும் சார். அப்பதான் அவன் கட்டியக்காரன்.”

“பர்மனென்ட் வேணுமா, வேணாமா?”

லாரி மோதி இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கும் அவள் புருஷன் டில்லிபாபு உள்ளே இருமினான். நேற்று அவன் வேஷத்தைக் கட்டி ஆடியவள், காதோரம் மிச்சமிருந்த அரிதாரத்தை முந்தானையால் துடைத்தாள்.

“கிண்டல் இல்லாம கட்டியம் சொல்ல வராது சார். வேற ஆளப் பாருங்க,” என்றாள் மெல்ல.