கல்லுக்குத் திருநீறு

ஆங்கிலேய ஊரான எட்மண்டனின் தேவாலயத்து மயானத்தில் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. அமெரிக்கக் கெண்டக்கியிலிருந்து வந்திருக்கும் ரூத் ஒரு பழைய கல்லறையின் முன்னால் முழந்தாளிட்டிருக்கிறாள். அவளுடைய மூதாதை ஜோசப், இந்த ஊரிலிருந்து கப்பலேறிப் போய் அங்கே காடு வெட்டி மரவீடு கட்டியவன். அவனைப் பெற்றவளின் கல் இதுதானா என்று தெரியவில்லை. மழை எழுத்துகளைத் தின்றிருக்கிறது. நாளைக்கு அவளுக்கு விமானம். ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய்விட்டு அவ்வழியால் வந்த கமலாம்பிகை, அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பிரிக்கிறாள். “வேதக்காரரின்ர கல்லுக்குத் திருநீறோ?” என்கிறார் கணவர் குலசேகரம். “பெத்த பிள்ளையைக் கப்பலேத்திப்போட்டு இஞ்சயே இருந்தவள். தாராளமாப் பூசலாம்” என்றபடி அவள் உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கிறாள். மேலே நின்ற தூளைக் காற்று கொண்டுபோகிறது. பள்ளங்களில் தங்கியது வெள்ளை எழுத்தாய்த் துலங்குகிறது: ஹன்னா, ஜோசப்பின் தாய். ரூத் ஒவ்வொரு எழுத்தாய் விரலால் தொட்டுக்கொண்டு போகிறாள். கையில் மிஞ்சிய திருநீற்றைக் கமலாம்பிகை, கோயிலில் பிள்ளைகளுக்குப் பூசுவதுபோல, கேளாமலே ரூத்தின் நெற்றியில் இழுத்துவிடுகிறாள். குலசேகரம் குனிந்து, தன் காலிலிருந்த சப்பாத்துகளைக் கழற்றுகிறார்.