உண்ணிக் கணக்கு

“எடத்தைச் சொன்னாத்தான் ஊசி.”

நர்ஸ் ஆல்டோனா கண்டிப்பாகச் சொன்னாள். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்த சிக்மாஸுக்குச் சுருக்கென்றது.

“உண்ணிக்கடிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட எடம் எதுக்கும்மா?”

“உண்ணி எங்கெங்க அதிகம்னு கணக்கு எடுக்கறோம். காளான் பொறுக்கப் போற எடத்துலதானே எல்லாரையும் கடிக்குது?”

“அப்ப, தெக்குக் காடுன்னு எழுதிக்கங்க.”

“தெக்குக் காடுன்னா? எந்தப் பாதை, எந்த மரம்? சரியாச் சொல்லுங்க.”

சிக்மாஸ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். லிதுவேனியாவின் அந்தக் கிராமத்தில் பெண்களிடம் வயதைக்கூடக் கேட்கலாம். காளான் பொறுக்கும் இடத்தை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. சிக்மாஸின் இடம், அப்பா சாகும்போது அவர் காதில் சொல்லிவிட்டுப் போனது. முப்பத்துநாலு வருடம் கூட வாழ்ந்த மனைவி ரேகினாவுக்கே தெரியாது.

“உசிரே போனாலும் சொல்ல மாட்டேன்.”

“போனாலும் போயிடும். உங்க பக்கத்து வீட்டு யூர்கிஸ் அப்படித்தானே வீம்பு பிடிச்சார்?”

போன கோடையில் யூர்கிஸை உண்ணி கடித்தது. மூளைக்காய்ச்சலில் மூன்று வாரம் நினைவில்லாமல் கிடந்தார். இன்றைக்கும் வலது கையால் கரண்டி பிடிக்க முடியாது. சூப்பை மனைவிதான் ஊட்டுகிறாள். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து தினமும் அதைப் பார்க்கிற சிக்மாஸுக்கு உள்ளூர நடுக்கம்தான்.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“பழைய மர மில்லைத் தாண்டி, ஓடை திரும்பற எடத்துல ஒரு சதுப்பு. அங்க இடி விழுந்த பைன் மரம் ஒண்ணு நிக்கும். அதுக்குப் பின்னால.”

ஆல்டோனா பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டாள். ஊசி இறங்கியது. சிக்மாஸ் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினார்.

ஒரு மாதம் கழித்து இரண்டாவது ஊசிக்கு வந்தார். ஆல்டோனாவின் கைகளெல்லாம் முள் கீறல். கழுத்தில் இரண்டு பிளாஸ்திரி. வழக்கமான சிரிப்பைக் காணோம். ஊசியை நறுக்கென்று குத்தினாள்.

“ஐயோ! மெதுவாம்மா!”

“இவ்வளவு வயசாகியும் பொய் சொல்றீங்களே! மூணு மணி நேரம் அந்தச் சேத்துல அலைஞ்சேன், ஒரு காளான்கூட இல்ல!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சிக்மாஸ் நிதானமாகச் சட்டைக் கையை இறக்கிவிட்டார். கொண்டுவந்திருந்த காளான் ஊறுகாய் ஜாடியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“நீங்க கேட்டது உண்ணிக் கணக்குதானேம்மா? இந்த வட்டாரத்துலயே உண்ணி அதிகமா இருக்கற எடம் அதுதான்.”