கடற்கரைப் படங்கள்

பெய்லிங் கொண்டுவந்த கல்யாணக் கேக் பெட்டி, சிவப்பு ரிப்பன் பிரிக்காமல் மேசை மேல் இருந்தது. மேசைக்குக் கீழே ஸ்டூடியோக்காரர் திங்ஃபா முழங்காலிட்டு, கம்ப்யூட்டரின் பொத்தானை மறுபடியும் அழுத்தினார்.

விளக்கு எரியவில்லை. விசிறிச் சத்தமும் இல்லை.

"இது காலாவதியாகி மாசக்கணக்காச்சு," என்றாள் அவர் மனைவி ஷியூசின், கம்ப்யூட்டரின் தலையில் வைத்திருந்த பச்சைத் தின்பண்டப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து. "மெஷின் சொன்ன பேச்சு கேக்கணும்னு வைக்கிறது. கெட்டுப்போனதை வச்சா அது எப்படிங்க கேக்கும்?"

"கொஞ்சம் சும்மா இரு தாயே."

அவருக்கு இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருந்தது. விடியுமுன் எழுந்து இன்னொரு ஜோடியை மலைப் புல்வெளியில் நிற்க வைத்துப் படமெடுத்துவிட்டு, அப்பாடா என்று வந்து உட்கார்ந்தபோதுதான் இது படுத்துக்கொண்டது. பழுது பார்க்கிறவர் நாளைக்குத்தான் வர முடியுமாம். அந்த நேரம் பார்த்து, கல்யாணத்துக்கு முன்னாலேயே எடுத்து வைத்த படங்களைத் தேர்ந்தெடுக்க அடுத்த வாரம் வரவேண்டிய கல்யாணப் பெண் இன்றே வந்து நிற்கிறாள்.

"மாப்பிள்ளை வரலையாம்மா?" என்று ஷியூசின் கேட்டாள்.

"வர மாட்டாருக்கா. நான் மட்டும்தான்."

"இப்பவே வேலை வேலைன்னு ஆரம்பிச்சுட்டாரா? விட்டுடாதே. முதல்லயே இழுத்துப் பிடிக்கணும். நான் விட்டுட்டு அனுபவிக்கிறேன்."

பெய்லிங் லேசாகச் சிரித்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். கல்யாண அலைச்சல் என்று திங்ஃபா நினைத்துக்கொண்டார். அவள் அவர் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"பயப்படாதீங்கம்மா, சின்னக் கோளாறுதான். எப்படியும் ஓட வச்சுடுவேன்."

"ஓடலேன்னா? படமெல்லாம் போயிடுமா அண்ணா?"

"சேச்சே! மெஷினே செத்தாலும் டிஸ்க் உள்ள பத்திரமா இருக்கும். எத்தனை வருஷம் கழிச்சும் எடுத்துடலாம்."

அவள் நீளமாக மூச்சு விட்டாள். பாவம், இப்போதுதான் போன உயிர் வந்தது போல என்று அவருக்கு இரக்கமாக இருந்தது.

"வேற எங்கயாவது நகல் வச்சிருக்கீங்களா?"

திங்ஃபாவுக்கு முகம் சுட்டது. "இல்லம்மா... எடுத்து வைக்கணும்னு நெனச்சேன்..."

"நெனச்சுக்கிட்டேதான் இருப்பாரு," என்றாள் ஷியூசின்.

பெய்லிங் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அப்ப நான் இருந்து, முடிச்சுட்டே போறேன்."

அதற்குமேல் அவரால் நாளைக்கு வாருங்கள் என்று சொல்ல முடியவில்லை. ஒரு காலத்தில் இந்தத் தெரு முழுக்கக் கல்யாண ஸ்டூடியோக்கள். இப்போது மிஞ்சியிருப்பவை சொற்பம். ஒரு பெண்ணின் கல்யாணப் படத்தைத் தொலைத்தவன் என்று பேர் வந்தால், இந்தக் கடையும் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான்.

ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். அலங்கார அறையிலிருந்து முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து அதே பிளக்கில் மாட்டினார். அது நன்றாக இரைந்தது. கரண்ட் வருகிறது. ஒயரை மாற்றிப் பார்த்தார். பின்பக்கத்துச் சின்ன சுவிட்சைத் தட்டிப் பார்த்தார். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, தூசியை ஊதி, மெமரியை உருவித் துடைத்து மாட்டினார். எதற்கும் அசையவில்லை.

கடைசியில் பழுது பார்க்கிறவருக்கே மறுபடி போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"உள்ள போர்டுல சின்ன விளக்கு எரியுதா, அண்ணே?"

"எரியுது."

"அப்ப பொத்தான்தான் செத்துருக்கும். பொத்தான்லேர்ந்து வர்ற ஒயரைப் போர்டுலேர்ந்து கழட்டிடுங்க. அங்க ரெண்டு ஊசி நிக்கும். ரெண்டையும் சேத்து ஸ்க்ரூடிரைவரால ஒரு தடவை தொடுங்க, போதும். வேற எதையும் தொட்டுடாதீங்க."

ஒயர் கழன்றது. ஆனால் ஊசிகள் முடி மாதிரி இருந்தன. களைப்பில் திங்ஃபாவின் கை ஆடியது. இரண்டு முறை குறி தவறிக் கையை இழுத்துக்கொண்டார்.

"தள்ளுங்கண்ணா, நான் தொடறேன்."

வெள்ளைப் பாவாடை அழுக்காவதைப் பார்க்காமல் பெய்லிங் தரையில் மண்டியிட்டாள். ஷியூசின் டார்ச் பிடித்தாள். பெய்லிங்கின் கை கொஞ்சமும் ஆடவில்லை. ஸ்க்ரூடிரைவர் நுனி ஊசிகளில் பட்டதும், உள்ளே விசிறி கரகரத்துச் சுழன்றது.

"வந்துடுச்சு!" ஷியூசின் கையைத் தட்டினாள். "இவரை அனுப்பிட்டு உன்னைக் கடையில வச்சுக்கறேம்மா!"

பெய்லிங் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில் வருகிற அழுகை திங்ஃபா தினம் பார்க்கிறதுதான்.

திரை வெளுத்து, நீலமாகி, ஒவ்வொரு படமாக விரிந்தது. கடற்கரை, அந்தி வெளிச்சம், காற்றில் பறக்கும் முகத்திரை, அதைப் பிடிக்க ஓடுகிற மாப்பிள்ளை. ஒன்றுகூடப் போகவில்லை. அவர் திரையைப் பெருமையோடு அவள் பக்கம் திருப்பினார்.

"நிதானமாப் பாத்துச் சொல்லுங்கம்மா. ஆல்பத்துக்கு எது, சுவத்துல மாட்ட எது?"

அவள் திரையைப் பார்க்கவில்லை.

"எல்லாத்தையும் அழிச்சிடுங்கண்ணா."